சிறு பட்டறையும் நுண்மையும்

இரும்புத் தொழில் மாத்தளைச் சீமைக்குப் புதியதன்று. சிகிரியாப் பகுதியில் அலகொலவெவை என்னுமிடத்திலே, கிறித்துவுக்கு முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளில் இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தெற்கே பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவையில், பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்த பழைய உலைகளைப் பற்றி ஜில் ஜுலெப் என்னும் ஆய்வாளர் 1996 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை உலகறிந்தது. ஆயினும், இரும்பை உருக்குதல் வேறு. உருக்கிய இரும்பை ஓர் அளவுக்கு அமைத்தல் வேறு. பின்னதைப் பற்றிய சுவையான சான்றொன்றைத் தருபவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே ஊர்க் கொல்லனின் பட்டறையை வருணிக்கின்றார். கொல்லன் தன் இருக்கையில் மிடுக்காக அமர்ந்திருப்பான். வேலை கொண்டு வந்தவனே துருத்தியை ஊத வேண்டும். பெரிய சம்மட்டியால் அடிப்பவனும் அவனே. கொல்லன் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவத்தைத் திருத்துவான். அராவ வேண்டிய பொருளாயின் அதையும் வந்தவனே கல்லில் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். அவனால் இயன்ற மட்டும் தேய்த்தபின், கொல்லன் தன் அரத்தை எடுத்து இறுதி வேலையை முடிப்பான். இதைப் படிக்கும்போது கொல்லனின் சோம்பலை எண்ணி நகைக்கத் தோன்றும். ஆனால் அவன் தனக்கென வைத்துக்கொண்ட பங்கு எது என்பதை நோக்குக. உடல் வலிமை வேண்டிய இடமெல்லாம் பிறனுக்கு; அளவும் உருவமும் தீர்மானிக்கப்படும் அந்தக் கடைசி விநாடிகள் மட்டுமே அவனுக்கு. தன் வீட்டிலே தானே உலோக வேலை செய்ய முற்படுவோன் இவ்விருவரின் பங்கையும் ஏற்கின்றான். அவன் இடர்ப்படுவது பெரும்பாலும் இரண்டாவது பங்கிலேயே.

மாத்தளை மாவட்டத்தின் வடபாலுள்ள வஹகோட்டை, புனித அந்தோனியார் ஆலயத்தால் நாடறிந்த ஊர். அங்குள்ள மக்களிற் பலர் கண்டி மன்னர் காலத்தில் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் என்பது வழிவழி வந்த மரபு. ஆலயத்துக்கு அப்பால் அதுவும் வயலும் தோட்டமும் சூழ்ந்த பிற ஊர்களைப் போன்றதே. அத்தகைய ஊரில் ஒரு வீட்டின் பின்புறத்தே, தகரக் கூரையின் கீழ், பழைய லேத் ஒன்று நிற்பதாகக் கொள்க. கடைசற்பொறி என ஏடுகளில் எழுதப்படுவது இதுவே. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழம்பொருளாக வாங்கப்பட்டது. முன்னர் ஏதோ ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்துக் களைத்தது. சிறுபோக காலத்தில், கிணறு வற்றத் தொடங்கும் வேளையிலே, அயல் தோட்டத்து நீரிறைக்கும் பம்பியின் அச்சுத்தண்டு தேய்ந்து, அதைத் தாங்கும் புஷ் என்னும் உலோக வளையமும் அகன்று, பம்பி அதிர்ந்து நீரை விட்டுவிடுகின்றது. மிளகாய்க் கன்றுகள் நீரின்றிச் சில நாட்களே தாங்கும். நகரிற் புதிய உறுப்புக் கிடைத்தால் நன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிகள் தடைப்பட்டபோது, உதிரிப்பாகம் கிடையாமற் கிடந்த பொறிகள் நாட்டிற் பல. அப்போது அந்தத் தகரக் கூரையின் கீழ் நிற்பவரின் கைத்திறன் ஒரு போகத்தின் விளைவைத் தீர்மானிக்கும் பொருளாகின்றது.

இத்தகையோரிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. “பொறி பழையது, இதிலே நுட்பமான வேலை செய்ய இயலாது” என்பது அது. இஃது அரை உண்மை. பொறி பழுதானது என்பது மெய். ஆனால் நுண்மை பொறியிலிருந்து மட்டும் வருவதன்று. பொறியின் பிழை எவ்வளவு, எத்திசையிலானது என்று அறிந்தவன் அப்பிழையைக் கழித்துவிட்டு வேலை செய்யலாம். அறியாதவனுக்கு விலையுயர்ந்த பொறியும் உதவாது. ஆதலின் முதற் கேள்வி, பிழையை எவ்வாறு வெளிப்படுத்துவது என்பதே.

இதற்குரிய மூலக் கருத்தைக் கல்லூரி மாணவர் அனைவரும் எளிதில் சோதிக்கலாம். மூலைமட்டத்தை நேர்விளிம்பொன்றின்மேல் வைத்து ஒரு செங்குத்துக் கோடு வரைக. பின் அதனைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மீண்டும் வரைக. கோணம் சரியாயின் இரு கோடுகளும் ஒன்றும், பிழையாயின் பிரியும். பிரியும் அளவு உண்மைப் பிழையின் இரு மடங்கு. நீர்மட்டத்தை முனைமாற்றி வைத்துப் பார்ப்பதும், தராசின் தட்டுகளை மாற்றி நிறுப்பதும் இதன் வகைகளே. இங்கு வேறு எந்த நம்பத்தக்க கருவியும் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கருவி தன் பிழையைத் தானே, அதுவும் இரட்டித்து, ஒப்புக்கொள்கின்றது.

ஜோசப் விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் புகழ் இத்தகைய சிந்தனையின்மேல் எழுந்தது. 1803 இல் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்த அவர், இலண்டனில் ஹென்றி மோட்சிலியின் பட்டறையிற் பணியாற்றியவர். உண்மையான தள மேற்பரப்பை ஆக்கும் முறையை 1840 இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தில் அவர் விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால், அவை இடைவெளியின்றிப் பொருந்தியும் ஒன்று குழிவாகவும் மற்றையது குவிவாகவும் இருத்தல் கூடும். மூன்றாவது தகடொன்றைச் சேர்த்து, மூன்றையும் இரண்டிரண்டாகப் பொருத்தினால் இந்த ஏமாற்றம் நில்லாது. குழிவு இரண்டு ஒன்றோடொன்று பொருந்தமாட்டா; மூன்றும் தம்முட் பொருந்துமாயின் மூன்றும் தளமாகவே இருத்தல் வேண்டும். அளக்கும் கருவி எதுவுமின்றி, விளக்குக் கரியும் எண்ணெயும் சுரண்டியும் பொறுமையும் மட்டுங் கொண்டு இதனைச் செய்யலாம். இன்று வீட்டுப் பட்டறைக்கு அவ்வளவு பாடு வேண்டியதில்லை. மிதவை முறையில் வார்க்கப்படும் தடித்த கண்ணாடித் தகடொன்று, சாதாரண வேலைக்குப் போதிய தளமாக அமையும். அதன்மேல் நீலமைப் பசையை மெல்லியதாகப் பூசி உறுப்பை வைத்து அசைத்தால், மேடு எங்கே என்பது நீலமாகத் தெரியும்.

இனி, லேத்துக்கு வருவோர் முதலிற் சோதிக்க வேண்டியது அதன் படுக்கை முறுகியுள்ளதா என்பதே. படுக்கை என்பது வெட்டலகைச் சுமக்கும் வண்டி ஊர்ந்து செல்லும் நீண்ட வார்ப்பிரும்புத் தளம். வார்ப்பிரும்பு அசையாத பொருள் என்று எண்ணப்படுவதுண்டு. சிறிய லேத்தின் படுக்கை மர மேசையின் மேல் ஆணியிறுக்கப்பட்டிருப்பின், மாரி காலத்தில் மரம் ஊறி நெளியும்போது படுக்கையும் உடன் நெளியும். மார்கழியில் நேராகக் கடைந்த பொறி, சித்திரையிற் கூம்பாகக் கடைவதன் மருமம் பெரும்பாலும் இதுவே.

சோதனை எளிது. 25 மில்லிமீற்றருக்குக் குறையாத விட்டமுடைய உருக்குக் கோலொன்றைச் சக் என்னும் தாடைப்பிடியில் இறுக்கி, ஏறக்குறைய 150 மில்லிமீற்றர் வெளியே நீட்டி நிற்க விடுக. மறுமுனைக்குத் தாங்கல் கொடுத்தலாகாது. கோலின் இடைப்பகுதியைச் சற்றுக் குறைத்து, இரு முனைகளிலும் இரண்டு வளையங்கள் மட்டும் எழுந்து நிற்குமாறு செய்க. பின்னர், கூரிய அலகால், அதன் நிலையை மாற்றாமல், இரண்டு வளையங்களையும் மிக மெல்லிதாக ஒரே ஓட்டத்தில் வெட்டித் திருகுக்கணிச்சியால் அளக்க. இரண்டும் ஒத்திருந்தால் படுக்கை நேர். வெளிமுனை வளையம் பெரிதாயிருந்தால், அங்கே அலகு அச்சைவிட்டு விலகியுள்ளது. எதிர்முனைப் பக்கத்துக் கால்களுள் வேலைசெய்வோர் பக்கமுள்ளதன் கீழே மெல்லிய தகட்டுத் துண்டொன்றைச் செருகி இறுக்க வேண்டும். சிறிதாயிருந்தால் மறுபுறக் காலின் கீழே செருகுக. தகரக் குவளையை வெட்டிய துண்டே இதற்குப் போதும். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தபின் வளையங்கள் ஒத்துவரும். நீர்மட்டங் கொண்டு மணிக்கணக்கில் அல்லற்படுவதினும் இது மேலானது. வேலைக்கு வேண்டியது பொறி பூமிக்கு மட்டமாயிருத்தலன்று; தனக்குத் தான் நேராயிருத்தலே.

எதிர்முனைத் தாங்கியின் கூர்முனை அச்சுக்கு நேரே உள்ளதா என்பது அடுத்த சோதனை. நீண்ட கோலொன்றை இரு கூர்முனைகளுக்கிடையே பிடித்து நெடுக வெட்டி, இரு முனைகளின் விட்டங்களை அளந்தால், வேறுபாட்டின் அரைவாசி தாங்கியின் விலகல். 0.06 மில்லிமீற்றர் வேறுபாடு எனின் தாங்கியை 0.03 மில்லிமீற்றர் நகர்த்துக. எதிர்முனைப்பக்கம் பெரிதாயின் வேலைசெய்வோரை நோக்கியும், சிறிதாயின் அப்பாலும் நகர்த்த வேண்டும். இந்த ‘அரைவாசி’யை மறந்து முழு வேறுபாட்டையும் நகர்த்துவோர் பிழையை மறுபக்கத்துக்கு மாற்றுகின்றனரேயன்றித் தீர்ப்பதில்லை. அலகை முன்னே செலுத்தும் திருகின் வட்டத்திலும் இதே பொறி உண்டு: சில வட்டங்கள் அலகின் நகர்ச்சியைக் காட்டும், சில விட்டத்தின் குறைவைக் காட்டும். எந்த வகை என்பதை ஒருமுறை வெட்டி அளந்து, பொறியின் மேலேயே மையால் எழுதிவைத்தல் நன்று.

வெட்டும்போது வேலைத்துண்டு நடுங்கி, மேற்பரப்பில் அலையலையான தழும்பு விழுவதும், கீச்சென்ற ஓலம் எழுவதும் சிறு பொறிகளின் பெருங் குறை. இங்கே பௌதிக பாடம் கைகொடுக்கும். ஒரு முனையிற் பிடிக்கப்பட்டு மறுமுனையில் விசைதாங்கும் கோலின் வளைவு, அதன் நீளத்தின் மூன்றாம் வலுவுக்கு நேர்விகிதமாகவும், விட்டத்தின் நான்காம் வலுவுக்கு நேர்மாறு விகிதமாகவும் அமையும். நீட்டத்தை இரட்டித்தால் வளைவு 8 மடங்கு. விட்டத்தைப் பாதியாக்கினால் 16 மடங்கு. அலகு தன் தாங்கியிலிருந்து ஒரு விரலளவு கூடுதலாக நீண்டிருப்பதை அற்பமென எண்ணுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்க. ஆகவே நடுக்கம் கண்டால் முதலில் நீட்டத்தைக் குறைத்தல் வேண்டும். அடுத்து அலகைத் தீட்டி, அதன் நுனி வளைவு அகலமாயிருப்பின் ஒடுக்குக. பின் வண்டியின் தளர்வை இறுக்கிச் சுழற்சியைக் குறைக்க. வேகத்தைக் குறைத்தும் நடுக்கம் தீராதபோது, அலகு நகரும் விரைவைச் சற்றுக் கூட்டினால் தீர்வதுண்டு. பயந்து மெல்ல மெல்ல வெட்டுவோனின் அலகு வெட்டுவதில்லை, தேய்க்கின்றது.

சுழற்சியின் கணக்கு ஒன்றே நினைவிலிருந்தாற் போதும். மெல்லுருக்கை அதிவேக உருக்கு அலகால் வெட்டுவதற்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 மீற்றர் மேற்பரப்பு வேகம் பொருந்தும். இதன்படி, 8000 ஐ மில்லிமீற்றரிலுள்ள விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். 20 மில்லிமீற்றர்க் கோலுக்கு 400. வார்ப்பிரும்புக்கு இதனிற் சற்றுக் குறைவு. பித்தளைக்கு இரு மடங்கும் தகும். ஆனால் பித்தளைக்கு அலகின் மேல்முகம் சரிவின்றி மட்டமாயிருத்தல் வேண்டும்; உருக்குக்குத் தீட்டிய சரிவான அலகு பித்தளையைக் கண்டதும் உள்ளே பாய்ந்து துண்டைப் பிடுங்கிவிடும். துளையலகும் அவ்வாறே. அதன் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லால் ஒரு மயிரளவு மட்டமாக்கினால் அவ்விடர் நீங்கும். வார்ப்பிரும்பை எண்ணெயின்றி வெட்டுக. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் உகந்தது. உள்ளே புரி வெட்டும்போது தேங்காயெண்ணெய் நன்றாகவே உதவும். வேலை முடிந்ததும் துடைத்தெடுக்க வேண்டும், இல்லையேல் நாளடைவிற் பிசினாகிப் பொறியை இறுக்கும்.

இறுதி அளவை அடைவதிலேதான் நொக்ஸ் கண்ட கொல்லனின் மிடுக்கு வேண்டப்படுகின்றது. 20.00 மில்லிமீற்றர் வேண்டிய தண்டு 20.60 இல் நிற்கிறதெனக் கொள்க. பழக்கமற்றவர் 0.50 ஐ ஒரே வெட்டிற் குறைத்து, எஞ்சிய 0.10 ஐ மென்மையாக வெட்ட முனைவர், தண்டு 19.97 ஆகிவிடும், அல்லது 20.04 இலேயே நிற்கும். காரணம், ஆழ்ந்த வெட்டில் அலகும் தண்டும் ஒன்றையொன்று தள்ளி வளையும் அளவு வேறு. மெல்லிய வெட்டில் அது வேறு. ஆதலின் 0.60 ஐ மூன்று சம பங்காக்கி, ஒவ்வொரு முறையும் விட்டத்தில் 0.20 ஆக வெட்டுக. முதல் வெட்டின் பின்னும் இரண்டாவதன் பின்னும் அளந்தால், வட்டம் காட்டும் எண்ணுக்கும் மெய்யளவுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். மூன்றாவது வெட்டு முன்னிரண்டையும் ஒத்ததாகையால் அவ்வேறுபாட்டை முன்னரே திருத்திக்கொள்ளலாம். பிழை நீங்கவில்லை, ஒரே அளவாய் நிற்கப் பழக்கப்பட்டது, அவ்வளவே.

வெட்டிய சூட்டோடு அளத்தல் மற்றோர் இடர். நீள அளவுகளுக்குரிய நியம வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். வஹகோட்டையின் நண்பகல் அதற்கு மிக மேலே. ஆயினும் கணிச்சியும் தண்டும் உருக்காய், ஒரே வெப்பநிலையில் இருப்பின் இரண்டும் ஒருங்கே விரியுமாதலால் அதனாற் கேடில்லை. கேடு விளைவது தண்டு மட்டும் சூடாயிருக்கும்போதே. உருக்கின் விரிவு ஒரு பாகைக்கு மீற்றருக்கு ஏறக்குறைய 11.5 மைக்குரோமீற்றர். கணிச்சியினும் 40 பாகை சூடாயுள்ள 25 மில்லிமீற்றர்த் தண்டு 0.01 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகப் பருத்துக் காட்டும். அலுமினியமாயின் விரிவு இரு மடங்கு. 50 மில்லிமீற்றர் வட்டொன்று 0.04 க்கு மேலே ஏமாற்றும். கையால் தொட்டால் சுடும் பொருளை அளத்தலாகாது என்பதே நடைமுறை விதி. இதே விரிவு நண்பனாவதும் உண்டு. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டம் பூட்டிய ஊர்த் தச்சரும் கொல்லரும், பட்டத்தைச் சற்றுச் சிறிதாகவே செய்து, நெருப்பிற் காய்ச்சிப் பூட்டி நீரூற்றினர். 1.2 மீற்றர் விட்டமுள்ள பட்டத்தின் வெப்பநிலை 300 பாகை உயர்ந்தால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் கூடும். குளிர்ந்து இறுகும்போது அது ஆரக்கால்களையும் வட்டையையும் ஒன்றாகக் கட்டிவிடும்.

இலங்கையின் பழம்பொறிகளில் வேலை செய்வோரைத் தடுமாறச் செய்வது புரிகளின் கலப்பு. விற்வேர்த் 1841 இல் முன்மொழிந்த அங்குலப் புரியின் கோணம் 55 பாகை. மெற்றிக்குப் புரியினது 60 பாகை. பழைய பிரித்தானிய எஞ்சினில் முன்னது, யப்பானிய, சீனப் பம்பிகளிற் பின்னது. இரண்டும் ஒரே டப்பாவிற் கிடக்கும். 8 மில்லிமீற்றர் மரையும் 5/16 அங்குல ஆணியும் கண்ணுக்கு ஒன்றே. ஆணியின் விட்டம் 7.94 மில்லிமீற்றர். ஆனால் மரையின் புரியிடைத்தூரம் 1.25, அங்குலத்துக்கு 18 புரியுள்ள ஆணியினது 1.41. ஒரு சுற்று இலகுவாக ஏறும், இரண்டாவதில் இறுகும், சாவியால் வலிந்து திருகினால் ஐந்து புரிக்குள் 0.8 மில்லிமீற்றர் முரண்பாடு சேர்ந்து இரண்டும் கெடும். கையால் மூன்று சுற்று ஏறாத மரையைச் சாவியால் ஏற்றலாகாது.

அங்குல லேத்தில் மெற்றிக்குப் புரி வெட்டும் கணக்கு, கணித ஆசிரியருக்கு விருந்து. வெட்டலகை நடத்தும் நீண்ட புரித்தண்டு அங்குலத்துக்கு 8 புரி உடையதாயின், ஒரு சுற்றுக்கு 3.175 மில்லிமீற்றர் நகரும். 1.25 மில்லிமீற்றர்ப் புரிக்கு வேண்டிய விகிதம் 50 க்கு 127. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என வரையறுக்கப்பட்டமையால் இந்த 127 தவிர்க்க முடியாதது; அது முதன்மை எண்ணாகையால் வேறு எண்களாகப் பிளக்கவும் இயலாது. 127 பற்களுள்ள சில்லு பெரியது, சிறு பொறிக்குள் அடங்காதது, பழம்பொறியோடு பெரும்பாலும் காணாமற் போயிருப்பது. ஆனால் 127 ஐ 63 ஆற் பெருக்கினால் 8001 வரும். அதனை 8000 எனக் கொண்டால், 50/127 என்பது 63/160 ஆகின்றது. அதாவது, 63 பற்சில்லு ஒன்றும் 80 பற்சில்லு ஒன்றும், அவற்றோடு ஒன்றுக்கு இரண்டான ஓர் இணையும் இருந்தாற் போதும். இதனால் வரும் பிழை 8000 இல் ஒன்று. 20 மில்லிமீற்றர் நீள மரையில் அது 0.0025 மில்லிமீற்றர்; வீட்டுப் பட்டறையிற் புலப்படாதது. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. அங்குலப் புரித்தண்டில் மெற்றிக்குப் புரி வெட்டும்போது, வண்டியைத் தண்டோடு பிணைக்கும் பிளவு மரையை வேலை முடியும்வரை திறத்தலாகாது. ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் அலகைப் பின்னிழுத்து, பொறியையே பின்புறமாகச் சுழற்றித் தொடக்கத்துக்கு வருதல் வேண்டும். இன்றேல் அடுத்த வெட்டு பழைய பள்ளத்தில் விழாது.

உடலைக் காக்கும் வகையைப் பற்றிச் சில சொல்லாது விடலாகாது. வீட்டில் வேலை என்பதால் சாரத்தோடும் தோளில் துவாயோடும் லேத்தின் முன் நிற்பவர் உளர். சுழலும் சக், துணியின் ஓர் இழையைப் பற்றினால் மனிதனை இழுத்துக்கொள்ளும். மின்னியக்கியை நிறுத்தும் ஆளிக்கு எட்டுமுன் கை போய்விடும். ஆலயத்திற் கட்டிய காப்பு நூலும் மோதிரமும் கைக்கடிகாரமும் இவ்விதத்தில் ஒன்றே. காப்பு நூலைக் கழற்ற மனமில்லாதவர் அன்றைக்கு லேத்தைத் தொடாதிருத்தல் நன்று. கையுறையும் இங்கே காப்பன்று, கண்ணியே. எமரித் துணியைச் சுழலும் தண்டைச் சுற்றிக் கையாற் பிடித்தல் பலர் செய்வது. துணி விரலோடு சுருண்டு இறுகிவிடும். சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஆளியை அழுத்தினால் அது கல்போற் பறக்கும். கை சாவியை விடுவது மேசைமீது மட்டுமே என்று பழகவேண்டும். கண்ணாடியின்றிச் சாணை பிடிக்கலாகாது என்பதைப் பாடசாலைப் பட்டறைகளிற் சுவரில் எழுதியிருப்பர், வீட்டில் எழுதுவாரில்லை. நாகம் பூசிய குழாயைக் காய்ச்சும்போதும் பித்தளையை உருக்கும்போதும் எழும் வெண்புகை, இரவிற் குளிர்காய்ச்சலைத் தரும். அதனைத் திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வரும்படி நின்றே செய்க.

பம்பிக்கு மீள்க. தேய்ந்தவை தண்டும் புஷ்ஷும். இரண்டையும் புதிதாக்க எண்ணுதல் வேண்டாத வேலை. தண்டின் தேய்ந்த இடத்தை மட்டும், தழும்பு நீங்கி முழுவட்டமாகும் வரை கூர்முனைகளுக்கிடையே மெல்லக் கடைந்து, அதன் அளவைக் குறித்துக்கொள்க. புஷ்ஷை அத்தண்டுக்கேற்பப் புதிதாகச் செய்க. மலிவான உறுப்பே மாற்றப்பட வேண்டியது. பித்தளையினும் வெண்கலம் இதற்கு உகந்தது. துளையலகு நெடுக நேரே செல்லாது ஆதலின், துளையைச் சிறிதாக இட்டு, உட்கடைசல் அலகாற் பெரிதாக்குக. அந்த அலகின் தண்டு துளை இடங்கொடுக்கும் மட்டும் பருமனாயிருத்தல் வேண்டும். நான்காம் வலுவின் கணக்கு இங்கும் ஆள்கின்றது.

தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே விடும் இடைவெளி, விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழகிய விதி. 20 மில்லிமீற்றருக்கு 0.02. ஆனால் புஷ்ஷை அதன் கூட்டினுள் அழுத்தி ஏற்றும்போது அதன் துளை சிறிது சுருங்கும். இதனை எதிர்பாராதவர் மேசைமேல் அழகாகச் சுழன்ற தண்டு பம்பியினுள் இறுகிவிட்டதெனத் திகைப்பர். சுருக்கத்துக்கும் சேர்த்துத் துளையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். அல்லது ஏற்றியபின் இறுதியாகத் திருத்த வேண்டும். உட்துளையை அளக்கத் தக்க கருவி இல்லாதோர், 19.98, 20.00, 20.02, 20.04 எனப் படிப்படியாகக் கடைந்த ஒரு சோதனைக் கோலைச் செய்து வைத்துக்கொள்ளலாம். எந்தப் படி நுழைகின்றது, எது நுழையவில்லை என்பதே அளவு. ஏற்றுவதற்குச் சுத்தியல் வேண்டா. புஷ்ஷின் நடுவே நீண்ட ஆணியொன்றைச் செலுத்தி, இருபுறமும் தட்டையான வளையங்கள் இட்டு மரையை முறுக்கினால், அது சரியாது நேரே ஏறும்.

எல்லாம் பூட்டியபின், எஞ்சினோடு இணைக்குமுன், ஒரு துளி எண்ணெயிட்டுத் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்க. சுற்று முழுவதும் ஒரே சீராக இறுக்கமாயிருந்தால், புஷ்ஷின் துளை சிறிது. இன்னும் ஒரு மெல்லிய வெட்டு வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் இறுகித் தளர்ந்தால், புஷ்ஷில் குறையில்லை, தண்டு வளைந்துள்ளது. அதனை மீண்டும் கூர்முனைகளுக்கிடையே வைத்து, மேடான பக்கத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொண்டு திருத்தல் வேண்டும்.